கிரிவலப் பாதையில் நான் சொல்லாமல் விட்டது

சென்ற பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனது சாமி கும்பிட அல்ல. சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் துறையும் காவல்துறையும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்கிறோம். கிரிவலக் கூட்டத்தில் தொல்லைக்கு ஆளாகும் பெண்கள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் போலீஸ் உதவி மையத்துக்கு ஏன் போவதில்லை என்பதுதான் கேள்வி. இந்த வலைப்பூவில் வழக்கமாக எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று எழுதுவேன். இந்த முறை வெட்கத்தோடு வேறொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. செஞ்சி வழியாக நான்கேகால் மணி நேரம் ஆனது. பௌர்ணமியன்று பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். மற்ற நாளில் தொள்ளாயிரத்துக்குக் கிடைக்கும் அறைக்கு அன்று இரண்டாயிரத்து நானூறு. ஒரு நாள் முன்போ பின்போ வர முடிந்தால் வாருங்கள்.

எனக்கு உதவியாக மஞ்சுளா என்ற ஏட்டம்மாவை அனுப்பியிருந்தார்கள். சீருடையில் வந்தால் யாரும் பேச மாட்டார்கள், சேலையில் வாருங்கள் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன். நேரில் பார்த்ததும் அவர் தயங்கினார்.

“நான் போலீஸ்னு சொல்லிடணும் இல்லீங்களா மேடம்?”

“யாராவது கேட்டா சொல்லிக்கலாம்” என்றேன்.

கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோவில் பாதி தூரம் போய், அடி அண்ணாமலையில் இறங்கி, சாலையோரக் கடைகளில் பேச ஆரம்பித்தோம். மதியம் மூன்று மணி. வெயிலில் தார் கொதித்தது. நான்கைந்து கடைகளில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஒரு குறையும் இல்லை.

அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த அலமேலு அக்கா மட்டும் என்னை உட்காரச் சொன்னார். உங்கள் பெயர் எங்கேயும் வராது என்று சொல்லி, கைபேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். மஞ்சுளா எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மூன்று மாதம் முன்பு ஒரு பௌர்ணமியில் அக்காவின் மகள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். குடித்துவிட்டு வந்த ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். மகளைக் கூட்டிக்கொண்டு உதவி மையத்துக்கு ஓடியிருக்கிறார் அக்கா.

“அங்க இருந்தவரு என்னா சொன்னாரு தெரியுமா? பொட்டப் புள்ளைய ரோட்டுல உக்கார வச்சா அப்படித்தான், கூட்டிட்டுப் போன்னாரு. எம்பொண்ணு அன்னைலேர்ந்து இந்தப் பக்கமே வர்றதில்ல. வூட்டுக்காரருகிட்ட கூட நான் சொல்லல.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டிச் சிரித்தார்.

“என்னா ஏட்டம்மா, சேலையில வந்துருக்கீங்க? டூட்டி இல்லையா?”

அலமேலு அக்கா மஞ்சுளாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து நின்றுகொண்டார்.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க மேடம். எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க.” இரண்டு பொட்டலம் கட்டி என் கையில் திணித்தார். காசை நீட்டினேன். “அய்யோ, காசெல்லாம் வேணாங்க. எடுத்துட்டுப் போங்க.”

ஒரு நிமிடத்துக்கு முன்னால்வரை நான் அவருக்கு வாடிக்கையாளர். இப்போது காசு வாங்கக் கூடாத ஆள் ஆகிவிட்டேன். பணத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். கூட்டத்தில் கலந்து நடக்கும்போதும் முகம் எரிந்தது.

மறுநாள் காலை வேங்கிக்காலில் ஒரு போலீஸ் அதிகாரியைப் பார்த்தோம். நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே கோபப்பட்டார்.

“அந்த ஆளை விடக் கூடாது. எந்தக் கடை மேடம் அது?”

“அடி அண்ணாமலை தாண்டி, மல்லாட்டை...” என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது.

“சார்,” என்று மஞ்சுளா குறுக்கே பேசினார். “அந்த ரோட்டுல யாரக் கேட்டாலும் இதத்தான் சார் சொல்லுவாங்க. ஒரு கடைன்னு வச்சிக்க வேணாம். அன்னைக்கு அங்க டூட்டி யாருன்னு நம்மகிட்டயே இருக்கும்.”

அதிகாரி மஞ்சுளாவைப் பார்த்தார். பிறகு, சரி, விசாரிக்கிறேன் என்றார்.

படியிறங்கும்போது நன்றி சொன்னேன். மஞ்சுளா சிரிக்கவில்லை.

“பேரு வராதுன்னு நீங்க அவங்களுக்கு வாக்கு குடுத்தப்போ நானும் பக்கத்துலதான மேடம் நின்னேன்?”

மதியம் தனியாக அலமேலு அக்காவிடம் போனேன். வழியிலேயே பதிவை அழித்துவிட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டு, வெற்றுத் திரையைக் காட்டினேன். நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுண்டிப்போனது.

“அழிச்சிட்டீங்களா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டுட்டு அழிச்சிருக்கக் கூடாதா?”

“நீங்க பயந்துட்டீங்களேன்னு...”

“பயந்தேன்தான். அதுக்குன்னு நான் சொன்னது ஒண்ணுத்துக்கும் ஆவாதா? மூணு மாசமா யார்கிட்ட சொல்றதுன்னு கெடந்தேன்.” தட்டிலிருந்த மல்லாட்டையை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணினார். “பேரு வேணாம். ஆனா எழுதுங்க.”

முதல் நாள் அவரைக் கேட்காமல் ஒரு போலீசைப் பின்னால் நிறுத்தினேன். இரண்டாம் நாள் அவரைக் கேட்காமல் அவருடைய பேச்சை அழித்தேன். இரண்டுமே அவர் நன்மைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுபடி உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கையால் எழுதினேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெயில் தாழ்ந்த பிறகு நடையைத் தொடங்குங்கள். செருப்பில்லாமல் நடப்பதாக இருந்தால் மதியம் வேண்டவே வேண்டாம். திரும்பும் பேருந்துக்குப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை கூட்டம் ஜாஸ்தி. மதியத்துக்கு மேல் கம்மி. பாதையில் உள்ளவர்களிடம் ஆய்வுக்காகப் பேசப் போகிறவர்கள், உங்களோடு நிற்பவர் யார் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தப் பதிவைப் போடும் முன் அலமேலு அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். பெயர்களையும், கடை இருக்கும் இடத்தையும், அவர் விற்கும் பொருளையும் மாற்றியிருக்கிறேன். தேடிப் போகாதீர்கள்.

ஆய்வறிக்கையில், உடன் வந்தவர் காவலர் என்பதை ஆய்வு செய்தவர் மறைத்தார் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். துறைத்தலைவர் அதைப் படித்துவிட்டு, இது நமக்கே அசிங்கமாயிற்றே, எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

அசிங்கம்தான் சார், இருக்கட்டும் என்றேன்.