டியூப் ஏறிச்சா?

எனக்கு அவன் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பதினோரு வருடம் அவனோடு ஒரே குழியில் உட்கார்ந்து கேபிள் ஜாயின்ட் போட்டிருக்கிறேன். அதில் பத்தரை வருடம் வயிறெரிந்துகொண்டுதான் போட்டிருக்கிறேன்.

நாங்கள் போடுவது வீட்டு ஒயர் இல்லை. முன்னங்கை மொத்தம் இருக்கிற கேபிள். கட்டடத்தின் பேனல் ரூமிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே வரும், மண்ணுக்குள் இறங்கும், ரோட்டோரப் பெட்டி வரைக்கும் போகும். அடி வாங்குவதெல்லாம் பெரும்பாலும் சுவரை விட்டு வெளியே வருகிற அந்த இரண்டு மூன்று அடியில்தான். கேபிள் வளைவதும் அங்கே, மழைத் தண்ணீர் தேங்குவதும் அங்கே, பொக்லைன்காரன் பல்லை வைப்பதும் அங்கேதான். வைத்துவிட்டு அவன் போய்விடுவான். நாங்கள் போய்க் குழியில் இறங்குவோம்.

நான் திருமுல்லைவாயில். அவன் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவான். என்னைவிட நாலு வயது சின்னவன், எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவன். கேபிளுக்குள்ளே அலுமினியக் கம்பியைச் சுற்றி ஒரு வெள்ளைத் தோல் இருக்கும், அதற்கு மேல் மெல்லிசாக ஒரு கறுப்புத் தோல். கத்தி வைத்துக் கறுப்பை உரிக்க வேண்டும், வெள்ளையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் உரிப்பேன். அவன் விசிலடித்துக்கொண்டு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி தேடுவான். எங்கள் இன்ஜினியர் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "அது கை இல்ல சார், மெஷின்" என்பார். பக்கத்தில் நான் ஒருத்தன் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன். எந்த சைட்டுக்குப் போனாலும் வாட்ச்மேன் முதல் டீயை அவனிடம்தான் நீட்டுவான். அது ஏன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. "அவரு ஊட்டுக்குப் போறப்போ பூ வாங்கினு போறாராமே, நீ இன்னான்னா கரி பூசிகினு வந்து நிக்கிற" என்பாள் என் மனைவி. இரண்டு பேரும் ஒரே கேபிளைத்தானே தொடுகிறோம்? அவன் மட்டும் என்ன சந்தனமா பூசிக்கொண்டு போகிறான்?

அந்த வருடம் எங்கள் காண்டிராக்டருக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. நாங்கள் வழக்கமாகப் போடுவது பதினோரு கேவி ஜாயின்ட். இது முப்பத்து மூன்று கேவி, மூன்று மடங்கு வோல்டேஜ். அதற்குத் தனியாகப் பயிற்சி உண்டு, சர்டிபிகேட் உண்டு. அதை வாங்கி வருகிறவன்தான் ஹெட் ஜாயின்டர். இரண்டு பேரில் ஒருத்தனைத்தான் அனுப்புவோம், பாரிவாக்கம் வேலை முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார் இன்ஜினியர். எனக்கு அது வேண்டும். எந்த அளவுக்கு என்றால், கோயில் பக்கமே போகாத நான் எங்கள் ஊர் சிவன் கோயிலுக்கு மூன்று திங்கட்கிழமை போனேன்.

பாரிவாக்கத்தில் அது புது அடுக்குமாடிக் கட்டடம். ஜனங்கள் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சுவரோரம் தோண்டியவன் கேபிளைக் கடித்துவைத்திருந்தான். அடிபட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் இழுத்துப் பார்த்தோம். ஒரு ஜாயின்டுக்கு மட்டும் நீளம் காணும், ஒரு சாண்கூட மிச்சம் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குள் கரண்ட் கொடுக்க வேண்டும். நான் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தேன், அவன் ரோட்டுப் பக்கம்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஜாயின்டை மொத்தமாக மூடுவதற்கு ஒரு ஆள் நீளத்துக்குக் கறுப்பு டியூப் ஒன்று இருக்கும். இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் ஒரு குழலுக்குள் சேர்த்து, பிரஸ் என்கிற அமுக்குக் கருவியில் அமுக்குவதற்கு முன்னாலேயே அதை ஒரு பக்கத்துக் கேபிளில் ஏற்றித் தள்ளிவைத்துவிட வேண்டும். அமுக்கின பிறகு ஆண்டவனே வந்தாலும் ஏற்ற முடியாது. திரும்ப வெட்டினால்தான் உண்டு. அதனால் பிரஸ்ஸைப் பிடிக்கிறவன், "டியூப் ஏறிச்சா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். எதிரே இருக்கிறவன் பார்த்துவிட்டு, "ஏறிச்சு" என்று சொல்ல வேண்டும். அப்படியும் தப்பு நடந்தால், பிரஸ் யார் கையிலோ அவன்தான் பொறுப்பு.

அன்றைக்கு டியூபை ஏற்ற வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, சத்தியமாக மறந்துதான் போனேன். குழிக்கு மேலே நின்றுகொண்டு இன்ஜினியர் குடியிருப்புச் செயலாளரிடம் அவன் கத்தி பிடிக்கிற அழகைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் காது முழுக்க அங்கேதான் இருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே நிழலுக்குப் போனார்கள்.

"டியூப் ஏறிச்சா அண்ணாத்தே?"

திரும்பிப் பார்த்தேன். டியூப் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது, அவன் பக்கம் தெரியாதபடி மேலே சாக்கு தொங்கிக்கொண்டு. இல்லைடா, இரு, ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அந்த மெஷினுக்கு முன்னால் நான் ஏன் முட்டாளாக வேண்டும் என்று ஒரு நினைப்பு. பிரஸ் அவன் கையில்தானே இருக்கிறது என்று இன்னொரு நினைப்பு. இரண்டாவது நினைப்பு வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"ஏறிச்சு."

அவன் எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் எட்டிப் பார்த்தது கிடையாது. அமுக்க ஆரம்பித்தான். மூன்று கம்பி, ஒவ்வொன்றுக்கும் நாலு அமுக்கு. பன்னிரண்டு தடவை பிரஸ் நின்று நின்று கிளம்பியது. பன்னிரண்டு தடவை எனக்கு வாயைத் திறக்க நேரம் இருந்தது. வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு கம்பிக்கும் உரிய சின்ன உறையை நெருப்புக் காட்டிச் சுருங்கவைத்து முடித்துவிட்டு, பெரிய டியூபை இழுக்க என் பக்கம் கையை நீட்டினான். கை கேபிளைத் தடவிக்கொண்டே சுவர் வரைக்கும் போனது. அப்புறம் சாக்குக்குக் கீழே நின்ற டியூபைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது வெட்டினால் கேபிள் எட்டாது. நடுவில் புதுத் துண்டு சேர்த்து இரண்டு ஜாயின்டாகப் போட வேண்டும். துண்டு அம்பத்தூர் குடோனிலிருந்து வர வேண்டும். "யாருய்யா இது?" என்று கத்தினார்.

நான் தலை நிமிர்வதற்குள் அவன் எழுந்து நின்றான். "நான்தான் சார். கேக்காம அமுக்கிட்டேன். அண்ணாத்தே மேல தப்பு இல்ல."

"கேக்காம அமுக்குனியா? நேத்து வேலைக்கு வந்தவனாடா நீ? அறிவு இருக்கா?" செயலாளர், வாட்ச்மேன், மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள், இத்தனை பேருக்கு முன்னால் கிழித்துத் தோரணம் கட்டினார். பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு நிமிடம் எனக்குக் குளுகுளு என்றுதான் இருந்தது. மெஷின் என்று சொன்ன வாய்தானே அது. அப்புறம் அவன் காது மடல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். குளுகுளு எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம்தான் அங்கே கரண்ட் வந்தது. வண்டியில் ஏறும்போது அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்குடா அப்டி சொன்ன? நீ கேட்டல்ல?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான். "உனக்கு அது ரொம்ப வேணும் அண்ணாத்தே. மூஞ்சிலயே தெரியுது. எனக்கு அவ்ளோலாம் வேணாம்."

நாலு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நான் மூன்று திங்கட்கிழமை கோயிலில் நின்று கேட்டதை, குடித்த டீ கிளாஸைக் கீழே வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போய்விட்டான், பாவி. அதிலும் அவன்தான் ஜெயித்தான். எனக்கு அவன் கை மேல் இருந்த பொறாமை அன்றைக்கு அவன் மனசு மேல் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

பயிற்சிக்குப் போனேன். சர்டிபிகேட் வாங்கினேன். மனைவி அதைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். இன்ஜினியரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை போயிருக்கிறேன். போய், கையுறை தீர்ந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது நான் ஹெட் ஜாயின்டர். அவன் எனக்கு எதிரே உட்காருகிறான். சிரிக்கிறான், அண்ணாத்தே என்கிறான், டீ வந்தால் முதல் கிளாஸை என் பக்கம் தள்ளிவிடுகிறான். முன்னைப் போலத்தான் எல்லாம். பிரஸ்ஸைக் கையில் எடுத்ததும், "டியூப் ஏறிச்சா?" என்று சத்தமாகக் கேட்கிறான். நான் பார்த்துவிட்டு, "ஏறிச்சு" என்கிறேன். அவன் பிரஸ்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, குழியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வருகிறான். டியூபைக் கையால் தொட்டுப் பார்க்கிறான். திரும்பிப் போய் உட்கார்ந்து அமுக்குகிறான்.