அப்பா எண்ணிய விரல்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அப்பாவின் வலது கையைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். கல்யாண வீடென்றால் துண்டுக்கு அடியிலும், கோயிலென்றால் முதுகுக்குப் பின்னாலும் அதை வைத்திருப்பார். அவர் மறைந்து ஓராண்டு ஆகும் இன்று, மகளாகிய நான் அந்தக் கையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அப்பா பிறந்து வளர்ந்தது திருவானைக்காவல். ஐ.டி.ஐ. முடித்து, திருவாரூர்ப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் சேர்ந்தார். பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் வீட்டில். மோதிரம், வாட்ச் எதுவும் கையில் இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்களாம்.

தலைதீபாவளிக்கு ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டில் மோதிரம் போட்டார்கள். கொஞ்சம் இறுக்கம். மறுநாளே டூட்டி, ரிக்குக்குப் போய்ச் சோப்புப் போட்டும் கழலவில்லை. மாமனார் ஆசையாகப் போட்டதை வெட்டி எடுக்கப் புது மாப்பிள்ளைக்கு மனம் வருமா? மேலே கிளவுஸை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஏறிவிட்டார். இறங்கும்போது ஏணியின் போல்ட்டில் மோதிரம் சிக்கியது. ஆள் கீழே வந்துவிட்டார், மோதிர விரல் வரவில்லை.

அம்மாவிடம் குழாய் நசுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னார். பிறகு அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சட்டைப் பட்டன் போடப் பழகவே மாசக்கணக்கானது. ரசம் சாதம் விரல் இடுக்கில் ஒழுகும் என்று பந்தியில் உட்காரமாட்டார். காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு அவர் தர்ப்பணம் கொடுக்கப் போனால், மோதிர விரலில் மாட்டவேண்டிய தர்ப்பைப் பவித்திரத்தை எந்த விரலில் போடுவதென்று ஐயர் ஒரு கணம் தயங்குவார். பக்கத்து விரலை அப்பா நீட்டுவார்.

பயம் மட்டும் அவரை விடவேயில்லை. கேட்டைச் சாத்தினாலும் மிக்ஸியைத் தொட்டாலும் “கை, கை” என்பார். எனக்கு எரிச்சலாக வரும். தம்பி வளைகுடாவில் அதே ரிக் வேலைக்குப் போனதும் அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ காலில் முதல் வார்த்தை, “கையைக் காட்டுப்பா.” பத்து விரலையும் எண்ணிய பிறகுதான் மற்ற பேச்சு. ஒருநாள் தம்பி இடது கையை மட்டும் காட்டினான். வலது கையில் சின்னக் கட்டு. அதற்கே அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

திருவெறும்பூரில் தம்பியின் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா மோதிரத்தை எடுத்ததும், அப்பா எழுந்து போய்த் தம்பியின் விரல்களைப் பொத்திக்கொண்டார். சபையே திகைத்துவிட்டது. பெண் வீட்டாருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அப்பா வலது கையை எல்லார் முன்னாலும் நீட்டினார். “மாமனார் வீட்டு மோதிரம் கழலாமத்தாங்க எனக்கு இது போச்சு. இவனுக்கு வேண்டாம்.”

அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். அம்மா வீட்டு மோதிரத்தால்தான் விரல் போனது என்று முப்பது வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். அம்மா அழவில்லை. எழுந்து சம்பந்தி அம்மாவிடம் போய், செயினாகப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

போன வருஷம் ஒரு காலையில் மாரடைப்பு வந்து அப்பா போய்விட்டார். தம்பி மறுநாள் வந்து சேர்ந்தான். காரியத்தில் அவன் மோதிர விரலில் ஐயர் தயங்காமல் பவித்திரம் மாட்டினார்.

விபத்தன்று துண்டைச் சுற்றிய அப்பாவின் கையைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரை விடாமல் பிடித்து வந்த ரிக் நண்பருக்கும், செயினுக்குச் சம்மதித்த சம்பந்தி வீட்டாருக்கும், காரியத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தம்பி ரிக்குக்குத் திரும்பிய அன்று ஆறு மணிக்கு போன் அடித்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. அம்மா எடுத்தார்.

“கையைக் காட்டுப்பா.”

அம்மாவுக்குக் கண்ணில் புரை. இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான், சாப்பிட்டாயா என்று கேட்டார்.