மாவு ஆலைக்காரனின் பெயர்

எங்கள் குடும்பப் பெயர் ஓர் ஆங்கிலேயப் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை, பட்டது போதும். பொருளை மட்டும் சொல்கிறேன்: மாவு ஆலைக்காரன். எந்தக் காலத்திலோ இங்கிலாந்தில் கோதுமை அரைத்த ஒருவனின் தொழில், அவன் பிள்ளைகளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அந்த வம்சத்தில் சிலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்றார். செலவை ஏற்றவரின் பெயரையே பையனுக்கு வைத்துவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அந்தப் பையன் என் அப்பாவின் பூட்டன். அவர் ஒரு நாளும் மாவு அரைத்ததில்லை.

இலங்கை யுத்த காலத்தில் அந்தப் பெயர் எங்களைக் காப்பாற்றியது. அப்பாவின் அடையாள அட்டை கொழும்பில் எடுத்தது, அதில் யாழ்ப்பாணம் என்று இருக்காது. சோதனைச் சாவடியில் சிப்பாய் பெயரைப் பார்த்துவிட்டு எங்களைத் தமிழர் அல்ல, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் என்று நினைப்பான். அப்பாவும் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை விடுவார். பேருந்து நகர்ந்துவிடும்.

போன வருடம் அமெரிக்காவில், நாங்கள் இப்போது வாழும் பிளெய்ன்ஸ்பரோவில், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. என் காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். அதிகாரி லைசென்ஸையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கணவர் பெயரா?” என்றார் ஆங்கிலத்தில்.

“இல்லை, அப்பாவுடையது.”

“அப்பா எந்த ஊர்?”

சொன்னேன். அவர் லைசென்ஸோடு தன் காருக்குப் போனார்.

கிரீன் கார்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நானோ தொலைந்துவிடும் என்று பயந்து, அதை அலமாரியில் கூறைச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தேன். எங்கள் ஆட்கள் பத்திரப்படுத்தும் லட்சணம் அது. குடியேறியவர்களைப் பிடித்துப்போகும் இப்போதைய நிலையில் கார்டு இல்லையென்றால் என்னைக் கொண்டுபோய்விடுவார்கள், பிள்ளை நடுரோட்டில் நிற்கும் என்றே நினைத்தேன். இருக்காது என்று தெரிந்தும் கைப்பையை மடியில் கொட்டித் தேடினேன்.

“அம்மா, பயப்பிடாதேங்கோ. நான் இருக்கிறன்.”

பின் சீட்டிலிருந்து மகள். ஆறு வயது. எவ்வளவு கெஞ்சினாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்பவள். அவளாகத் தமிழில் முழுதாகப் பேசியது அதுதான் முதல் முறை.

“வாயை மூடு! தமிழ் கதையாதை!” என்று சீறினேன்.

அதிகாரி திரும்பி வந்தார். பின்விளக்கைச் சீக்கிரம் மாற்றிவிடச் சொல்லி லைசென்ஸை நீட்டினார். கார்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வீட்டு வாசலில் கார் நின்றதும் மகள் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: “தமிழ் பேசினால் போலீஸ் பிடிக்குமா?”

இல்லை என்றேன். ஏழு மாதமாக இல்லை, இல்லை என்று தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் “ஓகே, மாம்” என்கிறாள்.