பன்னிரண்டாவது கை

வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் காட்டம் மூக்கில் ஏறியதும், கழக்கூட்டம் என்ற ஊரில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கும் இடத்தில், சிறு கல்லூரிகள் கால்பந்துக் கோப்பைக்காக ஆடிய மைதானமும் அதன் கொட்டகையும் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுதோறும் ஜெயித்த பதினோரு பேரும் செம்மண்ணைக் குழைத்து உள்ளங்கையில் பூசி, கொட்டகையின் உட்சுவரில் வரிசையாகப் பதிப்பார்கள். கோப்பைக்கு வேறு சரித்திரம் கிடையாது. மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போடும் என் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் எந்த வரிசை எந்தக் கல்லூரி என்று விரல் வைத்துச் சொல்வார்.

ஒருமுறை, பெரிய விருந்தினர் வருகிறார் என்று சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்கள். அப்பா பகல் முழுக்க, சின்ன பிரஷால் ஒவ்வொரு விரலையும் சுற்றிச் சுற்றி அடித்து, அத்தனை கைகளையும் விட்டுவைத்தார்.

“எந்தாடா இது? அழுக்க அப்படியே விட்டிருக்கே?” என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

“அழுக்கில்ல சாரே, கப்பு அடிச்ச பிள்ளேளுக்க கையாக்கும்.”

“நாளைக்கு நீ வரண்டாம்.”

“வரல்ல சாரே. கைய மட்டும் அழிச்சிராதீங்கோ.”

அடுத்த வாரம் இறுதி ஆட்டம் முடிந்ததும், ஜெயித்த பிள்ளைகள் வீட்டுக்கே வந்து அப்பாவைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டு வரிசையில் மட்டும் பன்னிரண்டு கைகள். கடைசிக் கையில், சுண்ணாம்பு அரித்த வெடிப்புகளும் சேர்ந்தே பதிந்திருந்தன.