நாற்பத்தொன்றாவது வயலுக்கு ஒரு மணி நேரம்

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பழைய பிரிண்டர் தாள் ஒன்று கிடைத்தது. நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு மொழி மாற்றிய புரோகிராம். கை சும்மா இருக்குமா? போனில் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்து, பைத்தானுக்கு மாற்றச் சொன்னேன். கட்டன் சாயா ஆறுவதற்குள் மாற்றிவிட்டது. கூடவே மரியாதையாக ஒரு குறிப்பு: காரணம் தெரியாத ஒரு வரியை நீக்கியிருக்கிறேன். அட பாவி, நீயுமா என்றிருந்தது.

தாளை முகர்ந்து பார்த்தேன். மை வாசனை போயே போய்விட்டது. எனக்கென்னவோ மட்டி வாழைப்பழ வாசனைதான் வந்தது. வடசேரியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் ஒரு பழக்குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மட்டிக்குலை பழுக்கும், மேலே நாங்கள் பழுப்போம். பேசிக் மொழியில் எழுதியதை சி மொழிக்கு மாற்றுவது என் வேலை. எழுதியவர் தங்கம் அக்கா. கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் நான், என்னவோ பெரிய ஆள் போல.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கான புரோகிராம் அது. குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட வாராவாரம் பட்டியல் அச்சடிக்கும். நாற்பத்தொரு வயல், வயலுக்கு இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு வரி: நாற்பத்தொன்று வந்தால் ஒரு மணி நேரம் கூட்டு. ஏன் என்று ஒரு சொல் எழுதி வைக்கவில்லை. யாருக்கோ சலுகை காட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டி எடுத்துவிட்டேன். பட்டியலில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. நாற்பத்தொன்று எங்கள் சித்தப்பாவின் வயல் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பட்டியல் வருவதற்கு முன்பெல்லாம் மடையடியில் மண்வெட்டியும் கையுமாகச் சண்டை நடக்கும். அச்சடித்த தாள் வந்தபிறகு, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று யாரும் வாய் திறப்பதில்லை. சித்தப்பாவும் திறக்கவில்லை. கும்பப்பூ நெல் கதிர் பொதிந்து நின்ற சமயம். என் பட்டியல் போன மூன்று வாரமும் தண்ணீர் அவருடைய பாதி வயலோடு நின்றுவிட்டது. நாலாவது வாரம் மாடியேறி வந்தார்.

“ஏலே மக்கா, ஒனக்க கம்ப்யூட்டருக்கு எனக்க மேல என்ன கோவம்?”

“எல்லாருக்கும் ரெண்டு மணிக்கூறுதான சித்தப்பா?”

“எனக்கு மூணுல்லா.”

நான் எடுத்த வரி ஞாபகம் வந்தது. மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

“கடைசி வாய்க்கா காஞ்சு கெடக்கும் மக்கா. அது குடிச்ச மிச்சந்தான வயலுக்கு?” என்றார் அக்கா. “அந்த வரிய எடுத்தியா?”

“எடுத்தேன்க்கா.”

“எதுக்கு?”

“புரோகிராம் சுத்தமா இருக்கட்டும்னு.”

“இப்ப சுத்தமா இருக்கா?” என்று கேட்டார்.

அன்றைக்கே வரியைத் திரும்பச் சேர்த்தேன். அதற்குள் பாதி வயல் பதராகிவிட்டது. சித்தப்பா முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. அறுப்பு முடிந்ததும் அவரே ஒரு சாக்கோடு வந்து என் மேசையில் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தால் முழுக்கப் பதர். “இது ஒனக்க பங்கு” என்றார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சங்கத்தில் மட்டும் கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை.

இந்த ஏஐயையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் தட்டச்சத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். சித்தப்பா இப்போது இல்லை. நாற்பத்தொன்றாவது வயலில் கல்யாண மண்டபம் நிற்கிறது. கடைசி வாய்க்கால்மேல் சிமெண்டுப் பலகை போட்டு, கார் நிறுத்துகிறார்கள்.

அந்த வரியை எடுத்தது, இந்த முறை சரிதான்.