வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

பத்தொன்பது ஆண்டுகளாக அவள் பாஸ்போர்ட் படங்களே எடுத்து வந்தாள். ஸ்டுடியோவின் பின்னறையில் ஒரு வெள்ளைத் திரை, ஒரு முக்காலி, இரண்டு விளக்குகள். காதுகள் இரண்டும் தெரிய வேண்டும், நிழல் விழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அடுத்த மாதம் அந்த அறைக்குத் தானே படமெடுக்கும் இயந்திரம் வரவிருந்தது. வேறிடத்தில் வேலை கேட்கச் சான்றிதழ் வேண்டுமே என்றுதான் நாற்பத்து நான்கு வயதில் புகைப்படக்கலை மாலை வகுப்பில் சேர்ந்தாள். இறுதித் தேர்வுக்கு ஆறு படங்கள் தர வேண்டும். இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறைதான் கடைசி. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

புதன்கிழமை ஆசிரியை அவளுடைய படங்களை மேசைமேல் பரப்பினார். அவளைவிடப் பத்து வயது இளையவர்; பூசி மெழுகத் தெரியாதவர்.

"அக்கா, இது யாரு?"

"என் வீட்டுக்காரர். செடிக்குத் தண்ணி ஊத்துறார்."

"ஊத்தலையே. குழாயைப் பிடிச்சுக்கிட்டு உங்களுக்காக நிக்கிறார். ஆறு பேரும் அப்படித்தான். நீங்க 'இங்க பாருங்க'ன்னு சொல்றதுக்கு முன்னால எப்படி இருந்தாங்க? அதைக் கொண்டு வாங்க."

வீடு திரும்பியதும் கேமராவை எடுத்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் சட்டென நிமிர்ந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"ஏங்க, நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க."

"நினைச்சாச்சு. மூச்சு விடலாமா, கூடாதா?"

மகள் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தாமலேயே, "அப்பா, வலது காது தெரியலை" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டையே அப்படிப் பழக்கிவைத்தவள் அவள்தான்.

வியாழக்கிழமை தங்கை பாஸ்போர்ட் படத்துக்கு வந்தாள். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். யார் வந்தாலும், அவர்கள் முக்காலியில் சரியாக அமருமுன், விளக்குகளைச் சரிபார்க்க ஒருமுறை பொத்தானை அழுத்துவது அவள் வழக்கம். கடையடைக்குமுன் அந்தப் படங்களையெல்லாம் அழித்துவிடுவாள்.

அன்று மாலையும் அழித்துக்கொண்டே வந்தவளின் கட்டைவிரல், கடைசிப் படத்தில் நின்றது. அரைகுறையாக உட்கார்ந்த தங்கை, வாசலில் நின்ற தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையெங்கும் நிழல், ஒரு காதைக் காணோம். கண்கள் சிவந்திருந்தன.

ஆசிரியை கேட்ட 'முன்னால' இதுதான். பத்தொன்பது ஆண்டுகளாக, நாள் தவறாமல், தன் கையாலேயே அதை அழித்திருக்கிறாள். முக்காலியில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு தங்கையைப் போனில் அழைத்து, அந்தப் படத்தைத் தேர்வுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"அந்த மூஞ்சியையா? நான் சந்தோஷமா போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்க்கா."

"தெரியும்டி. அதான் கேக்குறேன்."

"அதைக் குடுத்தா பாஸ் ஆயிடுவியா?"

"தெரியலை."

"சரி, குடுத்துத் தொலை."

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அந்த ஒரு படத்தை மேசைமேல் வைத்தாள். ஆசிரியை அதை வெகுநேரம் பார்த்தார்.

"மத்த அஞ்சும்?"

"அழிச்சுட்டேன்."

"அக்கா, ஒண்ணை வெச்சு நான் பாஸ் போட முடியாது." குரல் தணிந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, சோர்வுடன் கண்களைத் தேய்த்தார்.

அவள் கேமராவை உயர்த்தினாள். ஆசிரியை உடனே நிமிரப் பார்த்தார்.

"இருங்கம்மா, இன்னும் எடுக்கலை. சும்மா வெளிச்சம் பாக்குறேன்."

ஆசிரியையின் தோள்கள் மீண்டும் தளர்ந்தன. அவள் பொத்தானை அழுத்தினாள்.

இன்னும் நான்கு படங்கள் வேண்டும். சுவர்க் கடிகாரம் நாலு நாற்பத்திரண்டு காட்டியது. வராந்தாவில் காவலாளி குனிந்து செருப்பின் வாரைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள்.

"அண்ணே, சும்மா வெளிச்சம் பாக்குறேன்."