ஐந்தாவது துண்டு

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். சரியாக 4:10 மணிக்கு. பதினாறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில்.

பிஷ்கெக் நகரில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் எங்கள் தையல் கூடம். நான் ஜிபார். துணி வெட்டுபவள். நாலு மணிக்குக் கால் மணி நேரம் இடைவேளை. கைபேசி தொடக்கூடாது என்று முதலாளி எமில் சொல்லிவிட்டதால், நாங்கள் படம் வரைவோம். துணியில் குறி போட வைத்திருக்கும் காய்ந்த சோப்புத் துண்டுதான் பென்சில். மிச்சம் விழுந்த கறுப்பு லைனிங் துணிதான் காகிதம். பூ, வளையம், ஆட்டுக்கொம்பு... கை போன போக்கில். மனசு லேசாகும். முடிந்ததும் அயர்ன் ஆவி காட்டினால் கோடு மறைந்துவிடும்.

"எமிலைக் கழுதையா வரைஞ்சிருக்கேன் பாருங்கடி" என்பாள் அயர்ன் போடும் அல்டின் அக்கா. "கழுதை கோவிச்சுக்கும் அக்கா" என்போம்.

எனக்கு மட்டும் மனசு லேசாகவில்லை. காரணம் பெர்மெத்.

துணி விரிக்க இரண்டு பேர் வேண்டும். மேசையின் அந்தக் கோடியில் எப்போதும் அவள்தான் நிற்பாள். சுருக்கம் போக இரண்டு முறை சுண்டி இழுப்பாள். டப்... டப். பிறகு நான் வெட்டுவேன். போன இலையுதிர் காலத்தில் இருநூறு வெல்வெட் கவுன்கள். வெல்வெட்டின் மயிர் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். நான் பாதித் துண்டுகளைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன். தைத்த பிறகு ஒவ்வொரு கவுனும் இரண்டு நிறமாகத் தெரிந்தது.

"யார் செஞ்சது?" என்று எமில் கத்தினார். நான் வாய் திறக்கவில்லை. பெர்மெத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், பழி அவள்மேல் விழுந்தது.

ஒரே வாரத்தில் அவள் மாஸ்கோவுக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது.

"முதல்ல எமில்கிட்ட உண்மையச் சொல்லு. அப்புறம் எங்கிட்ட பேசு."

நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

பிப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை. 4:10. பேசிக்கொண்டே ஏதோ கிறுக்கினேன். குனிந்து பார்த்தால், மேசை நெடுக விரிந்து கிடந்த மிச்சத் துணியில் நீளமாக ஒரு செவ்வகம். ஆள் உயரத்துக்கு மேல். ஆவி காட்டாமலே சுருட்டிக் கழிவு மூட்டையில் போட்டேன்.

செவ்வாய், அதே 4:10. இன்னொரு செவ்வகம். கொஞ்சம் சின்னது. புதன், கழுத்துக்குப் பிளவு வைத்த துண்டு. வியாழன், அகலமான ஒரு பட்டை. எல்லாம் அப்படியே மூட்டைக்குள்.

அளவு நாடாவைத் தொடவே இல்லை. ஆனாலும் கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேர். நாலு நாளாகியும் சோப்பு தேயவில்லை.

வெள்ளிக்கிழமை. 4:10. சோப்பு துணியில் ஓடியது. கிரீச்... கிரீச்...

அல்டின் அக்கா டீக் கிண்ணத்தோடு வந்தாள். "நாலு நாளா என்னடி வரையுற?"

சொன்னேன். அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அக்காவின் பேட்டையில் பெண்கள் இறந்தால் மய்யித்தைக் குளிப்பாட்டுபவள் அவள்தான்.

"ஜிபார்... அது கஃபன் துணி, மய்யித்தைச் சுத்துறது. பொம்பளைக்கு அஞ்சு துண்டு. நாலு முடிஞ்சுது. இது தலையையும் முகத்தையும் மூடுறது... யாருக்குடி? நல்ல உயரமானவளா?"

பெர்மெத் உயரமானவள்.

சோப்பைக் கீழே வைக்கப் பார்த்தேன்.

விரல் திறக்கவில்லை.

மேசையின் அந்தக் கோடியில் யாரும் இல்லை. ஆனால் துணி இறுகியது.

டப்...

டப்.

சுருக்கம் போயிற்று.

மூன்று பக்கம் கோடு முடிந்திருந்தது. இன்னும் ஒன்றுதான். என் கை அதை நோக்கி நகர்ந்தது.

இடது கையால் அயர்னை இழுத்தேன். ஆவி... உஸ்ஸ்ஸ்... எல்லாக் கோடும் அழிந்தது.

துணி தொய்ந்தது.

கடிகாரம் 4:13.

மறுநாள் காலைதான் ஊருக்குச் சேதி வந்து சேர்ந்தது. பெர்மெத் மாஸ்கோவில் ஒரு தையல் கூடத்தில் மயங்கி விழுந்து இறந்துவிட்டாள். நான் முதல் செவ்வகம் போட்ட அதே திங்கட்கிழமை, அங்கே பகல் 1:10. இங்கே 4:10.

நான் நேரே எமிலிடம் போனேன். வெல்வெட்டைக் கெடுத்தது நான்தான் என்றேன். அவர் கணக்குப்பொறியிலிருந்து தலைகூடத் தூக்கவில்லை.

"செத்தவ மேலேயே பழி இருந்துட்டுப் போகட்டும். அவளுக்கு இனி என்ன நஷ்டம்? போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன்.

அடுத்த புதன்கிழமை பெர்மெத்தின் உடல் துத்தநாகப் பெட்டியில் வந்தது. குளிப்பாட்டப் போனவள் அல்டின் அக்கா. இரவு எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"பெட்டிய சாலிடர் வச்சு ஒட்டியிருந்தாங்க. நாங்கதான் பிரிச்சோம்."

"சரி அக்கா..."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல, உடம்புல துணி இல்லாம பிளாஸ்டிக் பையில வச்சு அனுப்புறோம்னு எழுதியிருக்கு. ஆனா அவ கஃபன்ல இருந்தாடி. வெள்ளை இல்ல. கறுப்பு லைனிங். ஓரமெல்லாம் சோப்புக் கோடு."

"எத்தனை துண்டு அக்கா?"

"நாலு துண்டு இருந்துச்சு. முகம் மட்டும் மூடல. கண்ணு ரெண்டும் திறந்திருந்துச்சு... எத்தனை தடவை மூடினாலும் மறுபடி திறந்துக்குச்சு."